அடர் மஞ்சளாகப் போகிறதே, கிட்னி கெட்டுவிட்டதா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு வயது 38. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். பாத்ரூம் மேல் மாடியில் இருக்கிறது, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போகணும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் சிறுநீர் அடர் மஞ்சளாக, நாற்றத்தோடு போகிறது. சாயங்காலம் கால் வீங்குகிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் ராத்திரி இரண்டு தடவை எழுந்து போகிறேன். கால் வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுவேன், வாரத்தில் நாலு நாளாவது. போன வாரம் லேபில் யூரின் கொடுத்தேன். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.030, அல்புமின் இல்லை, சுகர் இல்லை, பஸ் செல் 2-4, எபிதீலியல் செல் நிறைய, கால்சியம் ஆக்சலேட் கொஞ்சம் என்று வந்திருக்கிறது. "கிட்னி அழுக்கை வெளியேத்தல, தினம் அஞ்சு லிட்டர் தண்ணி குடி" என்கிறார் என் நாத்தனார். பத்தாவது படிக்கிற என் பையன், "ரத்தத்தில இருந்துதானே சிறுநீர் வருது, அப்புறம் ஏன் சிவப்பா இல்ல?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கிட்னி கெட்டுப்போனதாகச் சொல்ல இந்த யூரின் ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை. நீங்கள் பயந்துபோன அந்த ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.030, அதாவது சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண் இருக்கிறதே, அது உங்கள் கிட்னி மும்முரமாக வேலை பார்க்கிறது என்பதற்குச் சாட்சி. எனக்குக் கவலை தருவது வேறொன்று, அந்த செட் மாத்திரை, அதாவது மெடிக்கலில் வலிக்கென்று பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் பல மாத்திரைகள். அதற்குக் கடைசியில் வருகிறேன். அது ஏன் ஆபத்து என்று புரிய வேண்டுமானால் சிறுநீர் எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் கிட்னியை டீ வடிகட்டி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தம் உள்ளே போகும், அழுக்கு மட்டும் தங்கும், அது சிறுநீராக வெளியே வரும் என்று. நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு, அதை உங்கள் வேலையை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு அம்மா வந்து உட்கார்ந்து சேலை காட்டச் சொல்கிறார். நீங்கள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் போடுகிறீர்கள். நூறு சேலை விரிந்து கிடக்கிறது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடப் போய்விடுகிறார். மீதி 99-ஐயும் மடித்துப் பழைய இடத்தில் அடுக்குவது நீங்கள். கிட்னி செய்வது இதே வேலைதான். முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடும், அப்புறம் உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைக்கும். எடுத்து வைக்காமல் விட்டதுதான் சிறுநீர்.

எவ்வளவு கொட்டுகிறது என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். பெண்களுக்கு இதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனாலும் பிளாஸ்டிக் குடத்தால் மொண்டு ஊற்றினால் பத்துப் பன்னிரண்டு குடம் வரும். உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர் ரத்தம்தான், அதில் செல்களை எடுத்துவிட்டால் நீர்ப்பகுதி மூன்று லிட்டர், அந்த மூன்று லிட்டரையே திரும்பத் திரும்ப ஒரு நாளில் 60 தடவை கொட்டி அள்ளுகிறது. கடைசியில் வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர். நூற்றுக்கு 99 பங்கு திரும்ப அலமாரிக்குப் போய்விடுகிறது.

இந்த வேலை நடக்கும் இடம் விலா எலும்புக்கு அடியில், முதுகுப் பக்கமாக இருக்கிறது. கைப்பிடி அளவில் இரண்டு கிட்னி, ஒவ்வொன்றும் 150 கிராம் வரும், அவ்வளவுதான். ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டுக்கும் போகிறது, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒரு நெஃப்ரான் என்பது தலைப்பக்கம் நூல்கண்டு மாதிரி சுருண்ட மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சு, அதை ஏந்திப் பிடிக்க ஒரு கிண்ணம், கிண்ணத்திலிருந்து கிளம்பி வளைந்து நெளிந்து போகும் ஒரு நீண்ட குழாய். முடிச்சுக்குள் ரத்தம் அழுத்தத்தோடு பாய்கிறது. அதன் சுவரில் இருக்கும் நுண்ணிய சல்லடை வழியாகத் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா, அமினோ அமிலம் என்று சின்னதெல்லாம் கசிந்து கிண்ணத்தில் விழுகிறது. நிமிடத்துக்கு ஒரு டீ கிளாஸ் அளவு.

உங்கள் பையனின் முதல் பாதிக் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. சிவப்பு அணு அந்த ஓட்டைகளைவிட மிகப் பெரியது, கசிய முடியாது. அல்புமின் என்ற புரதமும் ஏறக்குறைய முழுக்க உள்ளேயே நின்றுவிடும். அளவு மட்டும் இல்லை, அல்புமினுக்கும் அந்தச் சுவருக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் சுவரே அதைத் தள்ளிவிடுகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு நாள் முழுவதும் சேர்த்தால்கூட சிறுநீரில் 30 மில்லிகிராம் அல்புமின் வராது. உங்கள் ரிப்போர்ட்டில் 'அல்புமின் இல்லை' என்று போட்டிருப்பதற்கு, அந்தச் சல்லடை பெரிதாகக் கிழிந்துவிடவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் யூரினில் அல்புமின் வந்தாலும் "யூரின்ல உப்பு" என்பார்கள், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு ஏறினாலும் "உப்பு கூடிடுச்சு" என்பார்கள். இரண்டும் வேறு வேறு, இரண்டுமே நாம் சாப்பிடும் உப்பு கிடையாது. இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தால், சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டோம், இனி சரியாகிவிடும் என்று நம்பி மருந்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது உங்களிடம் "உப்பு" என்று சொன்னால் எந்த உப்பு, ரத்தத்திலா யூரினிலா என்று தயவுசெய்து கேளுங்கள்.

சரி, கொட்டியாகிவிட்டது. இனி அள்ளும் வேலை.

கிண்ணத்துக்கு அடுத்து வரும் வளைந்த குழாயில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரும் உப்பும் உடனே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சர்க்கரை அத்தனையும் இங்கேயே எடுக்கப்படும். ஒரு நாளில் கொட்டுகிற சர்க்கரை கிட்டத்தட்ட 180 கிராம், அதாவது ஒரு பெரிய டம்ளர் சீனி! ஒரு துளி விடாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் மட்டும் அள்ளும் கைகள் போதாமல் மிச்சம் சிறுநீரில் இறங்கிவிடும். சர்க்கரை நோயாளி ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான். (இப்போது சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று மாத்திரை வந்திருக்கிறது. அவை அந்தக் கைகளைக் கட்டிப்போட்டு, வேண்டுமென்றே சர்க்கரையை வெளியே விடுகிற மருந்துகள். அதைச் சாப்பிடுபவர்களுக்கு யூரினில் சுகர் வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.)

சமையல் உப்புக் கணக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு நாளில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கிட்னி வெளியே கொட்டித் திரும்ப அள்ளுகிறது. கடையில் வாங்குகிற ஒரு கிலோ பாக்கெட்டில் ஒன்றரை. அதில் நீங்கள் அன்று சாப்பிட்ட சில கிராமை மட்டும் சிறுநீரில் விட்டுவிடும். ஊறுகாய், அப்பளம் என்று கூடச் சாப்பிட்டால் கூட விடும், குறைத்தால் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதற்கு அடுத்த கட்டத்தில் குழாய் கிட்னியின் ஆழத்துக்கு இறங்கி, ஹேர்பின் மாதிரி வளைந்து திரும்ப மேலே ஏறுகிறது. இந்த வளைவுதான் ஆழப் பகுதியை உப்புக் கரைசலாக, ரத்தத்தைவிட நான்கு மடங்கு அடர்த்தியாக வைத்திருக்கிறது. கடைசியில் எல்லாக் குழாயும் வந்து சேரும் சேகரிப்புக் குழாய் அந்த உப்பான பகுதி வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். பக்கத்தில் அவ்வளவு உப்பு இருக்கும்போது குழாயில் உள்ள தண்ணீர் அந்தப் பக்கம் போகத் துடிக்கும், மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிற மாதிரி. ஆனால் கதவு திறந்தால்தான் போக முடியும். கதவைத் திறக்கச் சொல்வது மூளையிலிருந்து வரும் ஏ.டி.எச். என்ற ஹார்மோன். நீங்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்கும்போது ரத்தம் கொஞ்சம் கெட்டியானாலும் மூளை மோப்பம் பிடித்துவிடும், தாகம் எடுக்கும், ஏ.டி.எச். சுரக்கும், கதவுகள் திறக்கும், தண்ணீர் உடம்புக்குத் திரும்பும். குழாயில் மிஞ்சுவது கொஞ்சமே கொஞ்சம் கெட்டியான சிறுநீர். தண்ணீர் நிறையக் குடித்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும், சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரி போகும். அந்தத் தண்ணீர்க் கதவுகளுக்கு அக்வாபோரின் என்று பெயர். இப்படியொரு கதவு இருக்கிறது என்று கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் 1.030 என்று வந்திருப்பதை இப்போது பாருங்கள். வெறும் தண்ணீரின் எண் 1.000. நன்றாகத் தண்ணீர் குடித்தவருக்கு 1.005 பக்கம் வரும். 1.030 என்றால் உங்கள் கிட்னி கதவையெல்லாம் திறந்து, கிடைத்த ஒவ்வொரு துளியையும் உடம்புக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறது. கெட்டுப்போன கிட்னியால் இது முடியாது. நோய் முற்றியவர்களுக்குத் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எண் 1.010 பக்கத்திலேயே நின்றுவிடும், கெட்டியாக்கவும் வராது, நீர்க்க விடவும் வராது. அதனால்தான் அடர் மஞ்சள் நிறத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. வருடக்கணக்காக நாளுக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் உங்கள் கிட்னியை இப்படிப் பிழிய வைத்த வேலையிடத்தை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

இப்போது அந்த மஞ்சள். பையன் "ஏன் சிவப்பா இல்ல" என்று கேட்டானே, அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஏனென்றால் சிறுநீரின் மஞ்சள் ரத்தச் சிவப்பிலிருந்து வந்ததுதான். ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் 120 நாள். வயதான அணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உடைகின்றன, ஒவ்வொரு நொடியும் இருபது லட்சம் வாக்கில். உள்ளே இருந்த சிவப்புச் சாயம் உடைந்து பிலிருபின் ஆகிறது. காமாலை வந்தால் கண்ணில் தெரிகிற மஞ்சள் அதுதான். கல்லீரல் அதைப் பித்தத்தில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மாற்றுகின்றன, மாறியதில் ஒரு சிறு பகுதி திரும்ப ரத்தத்தில் ஏறி, கிட்னி வழியாக யூரோபிலின் என்ற மஞ்சளாக வெளியே வருகிறது. குடலில் மிச்சம் இருப்பது மலத்துக்குப் பழுப்பு நிறம் கொடுக்கிறது. பாக்டீரியாவிடம் இருக்கும் எந்த என்சைம் இந்த வேலையைச் செய்கிறது என்று 2024-ல்தான் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தினமும் நாம் பார்க்கிற நிறம், அதற்குக் காரணம் தெரிய இத்தனை நாளாகியிருக்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு நாளில் உண்டாகும் மஞ்சள் சாயத்தின் அளவு பெரிதாக மாறாது. ஒரு செம்புத் தண்ணீரில் கலந்தால் வெளிறித் தெரியும், அரை டம்ளரில் கலந்தால் அடர்த்தியாகத் தெரியும், மத்தியானத்தில் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாவது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளீரென்று மஞ்சளாகும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் ஆரஞ்சாகும், பீட்ரூட் சாப்பிட்டு மறுநாள் சிவப்பைப் பார்த்து அலறி ஓடி வந்தவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று சிறுநீரின் நிறம், மணம், நுரை பார்ப்பதும், நல்லெண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதம் பார்ப்பதும் நெடுங்காலமாக இருக்கின்றன. நோயாளியின் சிறுநீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இன்றைக்கும் எனக்கு முதல் பரிசோதனை.

நிறத்தை விட்டால் அதில் என்னதான் இருக்கிறது? நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். கரைந்திருப்பதில் முதலிடம் யூரியாவுக்கு, நாளொன்றுக்கு இருபது கிராம் பக்கம். பருப்பு, முட்டை, மீன் என்று சாப்பிடும் புரதத்தை உடம்பு உடைக்கும்போது வரும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாகக் கட்டிக் கொடுக்கிறது. தசை வேலை செய்வதால் வரும் கிரியாட்டினின் ஒரு கிராம் வரை, யூரிக் அமிலம் அரை கிராம் வாக்கில். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பாஸ்பேட், சல்பேட், கொஞ்சம் அமோனியா. 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், மஞ்சளாக இருப்பதால் தங்கம் கிடைக்கும் என்று நம்பிக் குடம் குடமாகச் சிறுநீரைக் காய்ச்சினார். தங்கம் கிடைக்கவில்லை, இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. அது வந்தது அந்தப் பாஸ்பேட்டிலிருந்துதான்.

இவை எல்லாமே சல்லடையில் கசிந்து வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். சிலவற்றைக் குழாயின் சுவரே ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறது: அமிலம், பொட்டாசியம், பல மருந்துகள். பெனிசிலினை இது தள்ளும் வேகம் அதிகம், அதனால் 1941-ல் ஆக்ஸ்போர்டில் முதன்முதலில் அந்த மருந்தால் சிகிச்சை தரப்பட்ட நோயாளிக்கு, மருந்து பற்றாக்குறையால் அவர் சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டார்கள். அப்படியும் மருந்து தீர்ந்துபோய் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

நாற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்போதே போன சிறுநீருக்குப் பெரிய வாடை கிடையாது, கெட்டியாகப் போனால் வாடையும் சேர்ந்து கெட்டியாகும். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் மூக்கைத் துளைப்பது அமோனியா, வெளியே வந்து தேங்கிய பிறகு பாக்டீரியா யூரியாவை உடைப்பதால் வருவது. போகும்போதே அப்படி நாறினால், எரிச்சலும் இருந்தால், அது நீர்க்கடுப்புக் கிருமியாக இருக்கலாம். உங்களுக்குப் பஸ் செல், அதாவது சீழ் அணு, 2-4 தான், அது சாதாரணம். எபிதீலியல் செல் நிறைய இருப்பது தோலிலிருந்து கலந்தது. முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள் என்று லேபில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தக் கால்சியம் ஆக்சலேட். பயிற்சி டாக்டராக இருந்தபோது வார்டு பக்கத்து லேபில் நாங்களே யூரினைச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். மங்கலான வெள்ளை வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டிக் குட்டிச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி, தபால் உறையின் பின்பக்கம் மாதிரி. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கெட்டியான சிறுநீரில், அதுவும் பாட்டிலில் கொஞ்ச நேரம் வைத்திருந்ததில், இது ஒன்றிரண்டு வருவது நோய் இல்லை. ஆனால் வருடக்கணக்காகச் சிறுநீர் கெட்டியாகவே இருந்தால் இந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும் வாய்ப்பு கூடும். கல் வந்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் மருந்தே, நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள் என்பதுதான்.

கால் வீக்கமும் ராத்திரி எழுவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். பகல் முழுக்க நின்றால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் இறங்கிவிடும், ரத்த ஓட்டத்தில் அந்த அளவு குறைவதால் கிட்னி சிறுநீரை இன்னும் சுருக்கும். நீங்கள் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்ததும் அந்த நீர் திரும்ப ரத்தத்தில் ஏறுகிறது. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்று கிட்னி வெளியே அனுப்புகிறது, நீங்கள் எழுந்து போகிறீர்கள். போதாததற்கு, பகலெல்லாம் குடிக்காததை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் சேர்த்துக் குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். வந்ததும் அரை மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்து, ஒரு தடவை போய்விட்டுத் தூங்குங்கள், வித்தியாசம் தெரியும். நின்றே வேலை பார்ப்பவர்களுக்காக 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. இதை ஒரு டாக்டராகவும் சொல்கிறேன்.

அடக்கி வைப்பதால் சிறுநீர் திரும்பக் கிட்னிக்குப் போய்விடுமா என்ற பயமும் பலருக்கு உண்டு. சாதாரணமாகப் போகாது. கிட்னியிலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைவதால், பை நிறைந்ததும் அந்த வழி தானாக அமுங்கி மூடிக்கொள்ளும். பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும், 400, 500 வரை தாங்கும். பிரச்சினை வேறு: பெண்களுக்குச் சிறுநீர்த் துவாரப் பாதை நாலு சென்டிமீட்டர்தான், கிருமி உள்ளே ஏறுவது எளிது, ஏறிய கிருமியை அலசித் தள்ளுவதே அடிக்கடி போகும் சிறுநீர்தான். குடிக்காமலும் போகாமலும் இருந்தால் அதற்கு வசதியாகிவிடும். மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆக வேண்டும். சூப்பர்வைசர் முகம் சுளித்தால், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று காட்டுங்கள், பக்கத்தில் இருக்கும் எந்த டாக்டரும் ஒரு சீட்டு எழுதித் தருவார்.

நாத்தனார் சொன்ன ஐந்து லிட்டர் வேண்டாம். அழுக்கு தேங்கவில்லை. யூரியாவையும் மற்றதையும் கரைத்து அனுப்பக் கிட்னிக்கு நாளுக்குக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீர் போதும், ஆனால் அது கிட்னி முழு மூச்சாக உழைக்கும்போது. நீங்கள் மொத்தமாக இரண்டரை லிட்டர் குடித்தால் சரி, வியர்க்கும் நாளில் கொஞ்சம் கூட. காலையில் கிளம்பும் முன் இரண்டு டம்ளர், கடையில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை நாலு மடக்கு, சாப்பாட்டோடு மோர், மீதி இரவு எட்டு மணிக்குள். ஒரேயடியாக மடமடவென்று லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், வலிப்புகூட வரலாம். நிறம் வைக்கோல் போல வெளிறி இருந்தால் போதும். வாழைத்தண்டுச் சாறு பிடித்தால் குடியுங்கள், தப்பில்லை, ஆனால் கிட்னியைக் கழுவிவிடும் சாறு என்று எதுவும் கிடையாது.

இனி அந்த செட் மாத்திரை. கிட்னிக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டிக் குழாய்கள், தண்ணீர் குறைந்த நேரத்தில் சுருங்கிவிடாமல் இருக்க, அங்கேயே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் அவற்றை விரித்துப் பிடிக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதே இந்தப் பொருளைத் தடுத்துத்தான். தண்ணீர் குடித்து ஓய்வாக இருப்பவர் ஒரு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்களுக்கு உடம்பில் நீர் குறைவு, காலில் வேறு நீர் இறங்கியிருக்கிறது, அந்த நேரத்தில் விரித்துப் பிடிக்கும் கையையும் தட்டிவிடுகிறீர்கள், வாரம் நாலு நாள். முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கும், சிறுநீர் உற்பத்தியே குறையும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் கிட்னி நிரந்தரமாகக் கெடலாம். உங்களைப் போலக் கடையில் நின்று வேலை பார்த்த ஒரு பெண், நாற்பது வயதுகூட ஆகவில்லை, கால் வலிக்கு இப்படி மாத்திரை போட்டுப் போட்டு, முகம் வீங்கி என்னிடம் வந்தபோது ரத்தத்தில் கிரியாட்டினின் ஐந்தைத் தாண்டியிருந்தது. கைப்பையிலிருந்து அந்தச் சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார், உள்ளே மூன்று நிறத்தில் பெயரே இல்லாத மாத்திரைகள். அந்தப் பொட்டலத்தை நான் மறக்கவில்லை. இன்றோடு நிறுத்துங்கள். வலி தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் ஒன்று போடலாம், அதுவும் பொட்டலத்தில் வாங்காமல் பெயர் போட்ட அட்டையில் வாங்குங்கள்.

யூரின் ரிப்போர்ட் நன்றாக இருப்பதால் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகாது. கிட்னி பாதி பழுதாகும் வரை கிரியாட்டினின்கூடப் பெரிதாக ஏறாது, அதனால் இப்போதே ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கிரியாட்டினின், சர்க்கரை, பிரஷர் மூன்றும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். சிறுநீர் கோலா நிறத்திலோ சிவப்பாகவோ போனால், கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியும் நுரை போகாமல் தினமும் நின்றால், காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீங்கினால், குளிர் காய்ச்சலோடு விலாப் பக்கம் வலித்தால், நாள் பார்க்காமல் உடனே போங்கள்.

ஒரு மாதம் கழித்து யூரினை மறுபடி பாருங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர், நடுவில் பிடித்தது, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன். தம்பிக்கு வேறு கேள்வி இருந்தால் அதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.